மூன்று கூறில் இரண்டு

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில்தான் என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி கழிந்தது. வள்ளத்தில் போகிறவர்களின் பிள்ளைகள், சங்கு குளிக்கிறவர்களின் பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், விடியுமுன்னே உப்பளத்துக்குக் கிளம்பிவிடும் அம்மாக்களின் பிள்ளைகள் என்று வகுப்பு நிறைந்திருக்கும். கணக்கில் எந்தப் பாடத்தை நடத்த உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேட்டால், யோசிக்காமல் பின்னம் என்பேன். பலருக்கு அது ஆச்சரியமாக இருக்கும். பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற பாடம் அது என்பதால் பல ஆசிரியர்கள் அதை எப்படியாவது கடந்துவிடவே பார்ப்பார்கள்.

கூட்டலும் கழித்தலும் பிள்ளைகளோடு வீட்டிலிருந்தே வந்துவிடுகின்றன. பெருக்கலை வாய்பாடு தாங்கிக்கொள்ளும். பின்னத்தில்தான் ஒரு பிள்ளை முதல்முறையாக எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பாதி என்றால் எதில் பாதி? கூறு போட்டது யார்? எல்லாக் கூறும் சமமா? இந்த மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளைக்குப் பின்னம் வந்துவிடும். கேட்காத பிள்ளை விதிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு எட்டாம் வகுப்புவரை போய், அங்கே விழும். என் அனுபவத்தில் நான் கண்ட உண்மை இவ்வளவுதான். இதைக் கண்டுகொள்ள எனக்கு உதவியது பயிற்சிக் கல்லூரிப் புத்தகத்தைவிட இந்தக் கரைதான்.

நான்காம் வகுப்பில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பேன். கரும்பலகையில் நான்கில் ஒன்றையும் எட்டில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது பெரியது என்று கேட்பேன். பெரும்பாலான கைகள் எட்டில் ஒன்றுக்கே உயரும். எட்டு நான்கைவிடப் பெரியது என்பது அவர்களுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரிந்த சங்கதி. கொஞ்ச நேரம் கழித்து அதே பிள்ளைகளிடம் வேறு மாதிரி கேட்பேன். “ஒரு பெரிய சீலா மீன் இருக்கு. நாலு பேரு பங்கு வைக்கிறீங்க. அதே மீனை எட்டு பேரு பங்கு வச்சா உனக்குக் கூட வருமா, குறைய வருமா?” கேட்டு முடிக்குமுன்னே பதில் வந்துவிடும். “குறையத்தான டீச்சர் வரும், எட்டு பேரு வந்துட்டாங்கள்லா!”

ஒரே கேள்விதான். கரையில் நின்று கேட்டால் சரியான பதில் வருகிறது, பலகைமுன் நின்று கேட்டால் தவறான பதில் வருகிறது. பிள்ளைக்கு அறிவு இல்லாமல் இல்லை. அந்த அறிவும் பலகையில் எழுதிய குறியும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவற்றைச் சந்திக்கவைப்பதுதான் ஆசிரியரின் வேலை என்று நினைத்தே நான் பாடம் நடத்தினேன். வட்டத்தை வரைந்து அதில் பாதிக்கு வண்ணம் தீட்டச் சொல்லும் பயிற்சி கெட்டதில்லை. ஆனால் அதில் கூறு போடும் வேலையைப் புத்தகமே செய்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது வண்ணம் தீட்டும் வேலை மட்டும். பின்னத்தின் உயிர் கூறு போடுவதில் இருக்கிறது.

கூறு போடுவதைப் பற்றி எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் என் தாத்தா. முத்து வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதிய மனிதர். தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துச் சலாபம், அதாவது அரசாங்கம் நடத்தும் முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். 1955-இல் தொடங்கிய கடைசித் தொடர் சலாபங்கள் அதோடு நின்றன. அதற்குப் பிறகு கடலடிப் பார்களில் சிப்பி போதுமான அளவு விளையவில்லை. நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது தாத்தா வேலையை விட்டிருந்தார், வேலையின் கணக்கு மட்டும் அவரை விடவில்லை. 1957 ஏப்ரல் முதல் தேதியே ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆகிவிட்டது. அவர் வாயில் அதற்குப் பிறகும் அணாதான் வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற காலத்தில் வளர்ந்தவருக்கு வீசமும் அரைக்காலும் காலும் விரல் நுனியில் இருந்தன.

அவர் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். எண்சுவடியை உரக்கச் சொல்லிச் சொல்லி ஏற்றிக்கொண்ட தலைமுறை அது. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா, அதாவது இருபதில் ஒன்று. ஐந்து மா சேர்ந்தால் கால். வீசம் என்கிற மாகாணி பதினாறில் ஒன்று. இவற்றைக் கூட்டவும் பெருக்கவும் தனித்தனி வாய்பாடுகள் உண்டு. நெல்லுக்கும் பொன்னுக்கும் நிலத்துக்கும் தனித்தனி இலக்கம் உண்டு. அந்தப் பள்ளிகளில் கணக்கு எப்படிக் கற்பிக்கப்பட்டது, அது ஊரின் வேலைகளோடும் சாதியோடும் எப்படிப் பிணைந்திருந்தது என்பதை ஆராய்ந்து செந்தில் பாபு 2022-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். அதைப் பற்றி அறிந்தபோது என் தாத்தாவின் குரல்தான் காதில் ஒலித்தது.

முத்தின் விலையைக் கணக்கிட இந்தக் கரையில் செவ்வு என்றொரு முறை இருந்தது. தாத்தா அதை எனக்கு விளக்கிய மாலை நன்றாக நினைவிருக்கிறது. முத்தை மஞ்சாடியால் நிறுப்பார்கள். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. எடையை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு வரும். திண்ணையில் இரண்டு மஞ்சாடி விதைகளை வைத்துக்கொண்டு சொன்னார். “நாலு மஞ்சாடி எடையில ஒத்தை முத்து. நாநாலு பதினாறு, அதுல முக்கால் பன்னெண்டு. செவ்வு பன்னெண்டு. அதே நாலு மஞ்சாடிக்கு ரெண்டு முத்துன்னா? பன்னெண்டை ரெண்டா வகு. ஆறு. எடை ஒண்ணுதான ஏட்டி, விலை ஏன் பாதியாச்சு?” எடை ஒன்றாக இருந்தாலும் பெரிய ஒற்றை முத்து அரிது என்பதற்கு அந்தக் கணக்கு மதிப்புக் கொடுக்கிறது என்று அவரே விளக்கினார். பிறகு ஒன்றரை மஞ்சாடி முத்துக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, நான் விழிப்பதைப் பார்த்து, “ஒண்ணரையே மூவீசம்” என்றார். பின்னாளில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். அதில் முக்கால் என்பது ஒன்றும் பதினாறில் பதினொன்றும். அரையும் பதினாறில் மூன்றும் சேர்ந்தால் அதே பதினொன்றுதான்.

முத்தைத் தரம் பிரிக்கும் பெட்டிகளைப் பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் கிண்ணங்கள், அடியில் துளைகள் போட்டவை. பெட்டிகள் பத்து. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று துளைகளின் எண்ணிக்கைதான் அவற்றின் பெயர். கிண்ணங்கள் ஏறக்குறைய ஒரே அகலம். அப்படியானால் இருபதாம் பெட்டியின் துளை பெரிது, ஆயிரமாம் பெட்டியின் துளை மிகச் சிறிது. இருபதில் தங்குவது பெரிய முத்து, ஆயிரத்தில் தங்குவது பொடி. எண் ஏற ஏற முத்து சிறுத்துக்கொண்டே போகும்.

நான்கில் ஒன்றா எட்டில் ஒன்றா என்று பிள்ளைகள் குழம்பியபோது இந்தப் பெட்டிகளைத்தான் வகுப்புக்குக் கொண்டுபோனேன். பித்தளைப் பெட்டிக்கு எங்கே போவது? ஒரே அளவில் அட்டைகள் வெட்டிக் கொடுத்து, ஒரு குழுவை நான்கு சமத் துளை போடச் சொன்னேன், இன்னொரு குழுவை எட்டு, மற்றொன்றைப் பதினாறு. துளைகள் ஒன்றோடொன்று முட்டாமல், அட்டையை முழுதும் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பதினாறு போட்ட குழு சீக்கிரமே கண்டுகொண்டது. “டீச்சர், நம்பர் கூடுனா ஓட்டை சின்னதாப் போகுது.” அதற்குப் பிறகு பலகையில் எட்டைப் பார்த்ததும் கையைத் தூக்குகிறவர்கள் குறைந்தார்கள். இந்தக் கரையில் ஒரு காலத்தில் முத்துக்குப் பயன்பட்ட அறிவு அந்த முத்து போன பிறகும் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது எனக்கு நிறைவாக இருந்தது.

தாத்தா மனப்பாடமாக வைத்திருந்த வரிசையில் மூன்றில் ஒன்றுக்குப் பெயர் கிடையாது. முந்நூற்றிருபதை மூன்றால் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்பதால் அது வரவும் வராது. ஆனால் முத்துச் சலாபத்தில் எல்லாப் பங்குக்கும் அடிப்படை மூன்றில் ஒன்றுதான். குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு, மூன்றில் ஒன்று குளித்தவர்களுக்கு. வாய்பாட்டில் இல்லாத ஒரு பின்னத்தை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படிப் பிசகில்லாமல் பிரித்தார்கள்? தாத்தாவிடம் கேட்டேன். “மூணு குவியல் போட்டா ஆச்சு. அதுக்கு எதுக்கு வாய்பாடு?” என்றார்.

சிப்பி வந்து இறங்கும் வேலியடைத்த இடத்துக்குக் கொட்டு என்று பெயர். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய சலாபங்களைப் பற்றிய குறிப்புகளில் இந்த வழக்கம் விவரமாக இருக்கிறது. எங்கள் கரையிலிருந்து குளிப்பவர்கள் அங்கும் போய்வந்தார்கள். படகில் வந்த சிப்பியைக் குளித்தவர்களே கொட்டில் மூன்று குவியலாக வைப்பார்கள். எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு என்பதை அதிகாரி தேர்ந்தெடுப்பார். எஞ்சிய குவியல் குளித்தவர்களுடையது. அரசாங்கப் பங்கு பிறகு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் போகும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பாருங்கள். குவியல் வைப்பவருக்கு எந்தக் குவியல் தனக்கு மிஞ்சும் என்று தெரியாது. ஒன்றைச் சிறுக்கவைத்தால் அதுவே தன் தலையில் விழும். அதனால் அவர் மூன்றையும் சமமாக வைப்பார். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, முறையே சமத்தைக் கொண்டுவந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது நியாயமா என்று கேட்டால், கடலுக்குள் மூச்சடக்கி இறங்கியவர்கள் பக்கம்தான் என் மனம் நிற்கும். ஆனால் மூன்றில் ஒன்று என்று பேசிவிட்ட பிறகு அந்த மூன்றில் ஒன்றையும் குறைத்துவிடாமல் காக்க இந்தக் குவியல் முறை பயன்பட்டது.

இதை அப்படியே வகுப்பில் விளையாட்டாக வைத்தேன். கடற்கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பிகள்தான் கருவி. வகுப்பில் பாதிப் பேர் படகு, மறுபாதி கொட்டு அதிகாரிகள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு பை சிப்பி. மூன்று குவியல் வைக்க வேண்டும், எதிர்க்குழு இரண்டைத் தேர்ந்தெடுக்கும். ஒருமுறை ஒரு பையன் கண்மட்டாக மூன்று குவியல் வைத்தான். எதிரே உட்கார்ந்த சிறுமி நிதானமாகப் பார்த்து, பெரிதாகத் தெரிந்த இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “டீச்சர், அவ பெரிய கூறு ரெண்டையும் எடுத்துட்டா!” என்று அவன் கத்தினான். “நீதானல வச்ச?” என்றாள் அவள். அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் அவன் ஒவ்வொரு சிப்பியாக, இங்கொன்று அங்கொன்று அதற்கடுத்து ஒன்று என்று மூன்று இடத்திலும் மாற்றி மாற்றி வைத்தான். பின்னத்தில் சமம் என்றால் என்ன என்று நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தச் சிறுமி சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

விளையாட்டு ஓய்ந்த பிறகுதான் பலகைக்குப் போவேன். ஒரு கோடு கிழிப்பேன். எத்தனை கூறு வைத்தீர்கள்? மூன்று. அது கோட்டுக்குக் கீழே. எத்தனை கூறு எடுத்தீர்கள்? இரண்டு. அது கோட்டுக்கு மேலே. “டூ பை த்ரீ” என்று அவசரமாகப் படிக்க விடமாட்டேன். மூன்று கூறில் இரண்டு கூறு என்று நிறுத்திப் படிக்க வேண்டும். பகுதி, தொகுதி என்ற பெயர்கள் சில நாட்கள் கழித்து வந்தால் போதும். முப்பது சிப்பி இருந்த படகில் அதிகாரி எடுத்தது இருபது, இருபத்தொன்று இருந்த படகில் பதினான்கு. இரண்டும் மூன்று கூறில் இரண்டு கூறுதான் என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். சமான பின்னம் என்ற பாடத்தின் வாசல் அது.

வேண்டுமென்றே ஒரு பையில் இருபது சிப்பி போட்டுவைப்பேன். ஆறு, ஆறு, ஆறு வைத்த பிறகு இரண்டு மிஞ்சும். என்ன செய்யலாம்? “மாதா கோயிலுக்குக் குடுத்துரலாம் டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொன்னது. பனிமய மாதாவின் ஊரில் அதைத் தவறான விடை என்று யார் சொல்ல முடியும்? அதை ஏற்றுக்கொண்டு, கோயிலும் வேண்டாம், மூவரும் சமமாகவே பிரிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்டேன். சிப்பியை உடைக்க முடியாது. அதனால் இரண்டு சிப்பிக்குப் பதில் இரண்டு காகிதம் கொடுத்தேன். ஒரு காகிதத்தை மூன்றாக மடித்துக் கிழித்தார்கள். இன்னொன்றையும் அப்படியே. ஆளுக்கு இரண்டு துண்டு வந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு காகிதத்தில் மூன்றில் ஒன்று. இரண்டை மூன்று பேருக்கு வகுத்தால் ஆளுக்கு மூன்றில் இரண்டு. வகுத்தலும் பின்னமும் ஒரே விஷயம் என்பதை அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளைகள் கண்டார்கள்.

மீன் விற்கும் அம்மாக்களின் பிள்ளைகள் இதில் எப்போதும் ஒரு படி முன்னே நிற்பார்கள். சாளையைக் கூறு வைத்து விற்பதை அவர்கள் தினம் பார்க்கிறார்கள். அவர்களில் ஒரு சிறுமி ஒருமுறை கேட்டாள்: “டீச்சர், கூறு சமம்னா எண்ணத்துல சமமா, எடையிலயா? எங்கம்மா பெரிய மீனா இருந்தா குறைச்சுத்தான் வைக்கும்.” நான் அசந்துபோனேன். எதைக் கொண்டு சமத்தை அளக்கிறோம் என்பதை முடிவுசெய்யாமல் பின்னம் பேச முடியாது என்பதை அந்தப் பிள்ளை தன் வீட்டுத் தொழிலிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். காகிதத்தை மடிக்கும்போது பரப்பு சமமாக வேண்டும், சிப்பியை எண்ணும்போது எண்ணிக்கை, மீனுக்கு எடை. இதைப் பிறகு ஒவ்வொரு கணக்கிலும் முதல் கேள்வியாக வைத்தோம்.

இரண்டாவது கேள்வி, எதில் பாதி என்பது. பாதி பெரிதா கால் பெரிதா என்று கேட்டால் எல்லோரும் பாதி என்பார்கள். வள்ளத்தில் வந்த மீனில் பாதியா, விசைப்படகில் வந்த மீனில் காலா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். முழுமையைச் சொல்லாமல் பின்னத்தை ஒப்பிட முடியாது. நாணயம் இதற்கு நல்ல துணை. என் பணிக்காலத்தில் வெகுநாள் பிள்ளைகள் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும்தான் சொன்னார்கள். அணா செத்துப் பல வருஷமான பிறகும் பெயர் வாழ்ந்தது. பதினாறு அணாவில் நான்கு, நூறு பைசாவில் இருபத்தைந்து, ரூபாயில் கால் மூன்றும் ஒரே காசு என்பதை அந்த நாணயத்தைத் தொட்டுக்கொண்டே சொல்லித்தர முடிந்தது. 2011 ஜூன் மாதத்தோடு இருபத்தைந்து பைசா செல்லாமல் போனது. கையில் வைத்துக் காட்ட இருந்த ஒரு நல்ல பொருள் அத்தோடு வகுப்பைவிட்டுப் போயிற்று. அதன் பிறகு அளவைகளையே அதிகம் நம்ப வேண்டியதாயிற்று.

அளவை என்றதும் சங்குதான் நினைவுக்கு வரும். முத்து ஓய்ந்தாலும் சங்கு குளித்தல் இந்தக் கரையில் ஓயவில்லை. மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியச் சங்கைப் பற்றி 1914-இல் தனி நூலே எழுதியிருக்கிறார். குறுக்களவு இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது, அது வளர்வதற்குக் கடலிலேயே திரும்பப் போட வேண்டும் என்பது பழைய விதி. மெட்ரிக் கணக்கில் அதுவே 57 மில்லிமீட்டர். அந்த அளவு வளையத்துக்குள் நுழைந்துவிடும் சங்கு சிறிசு. குளிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு இது தெரிந்த விஷயம்.

பின்னம் என்றால் துண்டு என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பின்னமும் ஓர் எண், எண்களின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்று காட்டுவது அடுத்த படி. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் நீளமாகக் கோடு போட்டு, பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று இடம் குறித்தோம். சங்கு விதியின் இரண்டேகால் எங்கே நிற்கும்? ஒரு பையன் ஓடிப்போய் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றான். “அது ரெண்டரைல” என்று மற்றவர்கள் சொன்னதும் நடுவுக்கும் இரண்டுக்கும் நடுவே நகர்ந்தான். இப்போது ஒவ்வோர் இடைவெளியையும் நான்காகப் பிரித்து, பூஜ்யத்திலிருந்து காலடி வைத்து எண்ணச் சொன்னேன். ஒன்பதாவது கால் அவன் நின்ற இடத்தில் வந்து முடிந்தது. இரண்டேகாலும் நான்கில் ஒன்பதும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்த பிறகு, தகா பின்னம் என்ற பெயர் யாரையும் பயமுறுத்தவில்லை. மேலே இருக்கும் எண் கீழே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாமா என்ற சந்தேகமும் எழவில்லை. தங்கள் ஸ்கேலில் அங்குலப் பக்கத்தைத் திருப்பி இரண்டேகாலைத் தேடித் தொட்டுப் பார்த்தார்கள்.

வள்ளத்துப் பங்கு ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பங்கு வைக்கும் வழக்கம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். வகுப்பில் நாங்கள் எடுத்துக்கொண்ட கணக்கு இது: செலவெல்லாம் போக மிச்சத்தில் பாதி வள்ளத்துக்கும் வலைக்கும், மறுபாதி கடலுக்குப் போன ஆறு பேருக்கு. ஒருவருக்கு எவ்வளவு? காகிதத்தைப் பாதியாக மடித்தார்கள். ஒரு பாதியை ஆறாகப் பிரித்தார்கள். அந்தத் துண்டு முழுக் காகிதத்தில் எவ்வளவு என்று கேட்டால், ஆறில் ஒன்று என்று பலர் சொன்னார்கள். மறுபாதியையும் ஆறாக மடித்துப் பார்த்தபோதுதான் மொத்தம் பன்னிரண்டு என்று தெரிந்தது. “அப்ப எங்கப்பாவுக்குப் பன்னெண்டுல ஒண்ணுதானா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். வள்ளம் வைத்திருப்பவரின் மகன் உடனே எழுந்தான். “எஞ்சின் போச்சுன்னா எங்கப்பாதான குடுக்கணும்?” பேச்சு வளர்ந்தது. வலை கிழிந்தால் யார் கட்டுவது, மீன் படாத நாளில் யாருக்கு நஷ்டம், கடனுக்கு வட்டி யார் தலையில் என்று அவரவர் வீட்டில் கேட்டதெல்லாம் வகுப்புக்குள் வந்தது. நான் தடுக்கவில்லை. பாதியில் ஆறில் ஒன்று எப்படிப் பன்னிரண்டில் ஒன்றாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகக் கணக்கும் அவர்களுக்குச் சொல்லியிருக்காது. தன் வீட்டுக்கு வரும் பங்கைப் பிள்ளைகள் அன்று பின்னமாகப் பார்த்தார்கள்.

பின்னங்களைக் கூட்டும் விதிக்கு நான் எப்போதும் கடைசியில்தான் வருவேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆக ஐந்தில் இரண்டு என்று எழுதுவது உலகெங்கும் பிள்ளைகள் செய்கிற காரியம். அதைச் சிவப்பு மையால் அடிப்பதற்குப் பதில் பத்துச் சிப்பியை எடுத்து, ஐந்தில் இரண்டு எத்தனை என்று கேட்பேன். நான்கு. பாதி எத்தனை? ஐந்து. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறையுமா? இந்தக் கேள்வி போதும், விடை தவறு என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். பிறகு பன்னிரண்டு சிப்பியை எடுத்துக்கொள்வோம். பாதி ஆறு, மூன்றில் ஒன்று நான்கு, சேர்ந்தால் பத்து. பன்னிரண்டில் பத்து, அதாவது ஆறில் ஐந்து. ஏன் பன்னிரண்டை எடுத்தோம், பத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், “பத்தை மூணா வைக்க முடியாதே டீச்சர்” என்பார்கள். பொது மடங்கு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இப்போது புதிதாக வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்கள் சிலர் என்னைப் பார்க்க வருகிறார்கள். 2022-இலிருந்து தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கைச்செயல்களுக்கு இடம் கொடுத்திருப்பதை ஆர்வத்தோடு சொல்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்களிடம் நான் வற்புறுத்துவது வரிசையைத்தான். முதலில் பிள்ளையே கூறு வைக்கட்டும், இன்னொரு பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். அடுத்து காகித மடிப்பு, அதன்பின் தரையில் கோடு. கோட்டுக்கு மேலும் கீழும் எண் எழுதுவது அதற்குப் பிறகு. விதி எல்லாவற்றுக்கும் கடைசி. இதற்கு மூன்று வாரம் ஆகிறதென்றால் ஆகட்டும். அந்த மூன்று வாரத்தை மிச்சம் பிடித்தால், மேல் வகுப்புகளில் விகிதத்துக்கும் சதவீதத்துக்கும் தசமத்துக்கும் அதைப்போல் பல மடங்கு நேரம் செலவாகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். நம் பிள்ளைகளில் பலர் பங்குக்கோ கூலிக்கோ உழைக்கப் போகிறவர்கள். வள்ளத்தில் பங்கு, உப்பளத்தில் மூட்டைக்கணக்கு, துறைமுகத்தில் ஒப்பந்தக்காரர் பிடித்தம் போகக் கைக்கு வரும் மிச்சம் என்று ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு முழுமையிலிருந்து ஏதோ ஒரு கூறு அவர்களுக்கு வந்துசேரும். முழுமை எவ்வளவு, கூறு போட்டது யார், என் கூறு மற்றதற்குச் சமமா என்று தயங்காமல் கேட்கவும், கேட்டதை எண்ணால் சரிபார்க்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துணிச்சலைக் கொடுக்கிற முதல் கணக்குப் பாடம் பின்னம்தான். அதனால்தான் அதை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது என்கிறேன்.